தரிப்புக் காலமும் கமராச் சான்றும்

நகரம் என்பது பலர் ஒருங்கு கூடிக் கொண்டும் கொடுத்தும் வாழும் இடமாகும். கூடுவோர் தொகை பெருகப் பெருகக் கட்டடங்கள் மேல்நோக்கி வளரலாம். வீதியின் அகலமோ முன்னோர் வகுத்த அளவிலேயே நின்றுவிடுகின்றது. அவ்வீதியின் ஓரத்திலே மோட்டார் வண்டியொன்று நிற்றற்கு வேண்டிய இடம் சிறிது. அதனை வேண்டுவோரோ பலர். பலர்க்கும் பொதுவான அச்சிறு பொருளை ஒருவரே நெடுநேரம் பற்றிக்கொள்ளாதவாறு காப்பது எங்ஙனம் என்னும் வினா நகரசபைகளை நெடுங்காலமாக வருத்தி வருகின்றது. இக்காலத்தில் மேல்நாடுகள் அதற்குக் கண்ட விடைகளுள் ஒன்று, வண்டியின் இலக்கத் தகட்டை வாசிக்கும் கமராவாகும். அக்கமரா யாது செய்கின்றது, யாது செய்யமாட்டாது, அதன் கூற்றை எத்துணைக்கு நம்பலாம் என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கால எல்லையின் நோக்கத்தைத் தெளிதல் வேண்டும். கடைவீதியொன்றில் 40 வண்டிகள் நிற்றற்குரிய இடம் உண்டு என்றும், கடைகள் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, அஃதாவது 10 மணித்தியாலம், திறந்திருக்கின்றன என்றும் கொள்வோம். கடைகளிற் பணிபுரிவோரே காலையில் வந்து தம் வண்டிகளை நிறுத்தி மாலையில் எடுத்துச் செல்வாராயின், அவ்வீதி நாள் முழுவதிலும் 40 வண்டிகளுக்கே பயன்படும். எவரும் 2 மணித்தியாலத்துக்கு மேல் தரித்தலாகாது என விதிப்பின், அதே இடம் 200 வண்டிகளுக்குப் பயன்படக் கூடும். ஓரடி நிலமேனும் புதிதாக வாங்காது இடத்தை ஐந்து மடங்காக்கும் வித்தை இது. மருந்து வாங்க வரும் முதியவரும், வங்கிக்கு வரும் வணிகரும், பிள்ளையைப் பல் வைத்தியரிடம் கொண்டுவரும் தாயும் இதனாற் பயனடைவர். இடம் தேடி வீதியைச் சுற்றிச் சுற்றி வரும் வண்டிகளும் குறையும். கலிபோணியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் என்பார், இலவசத் தரிப்பினால் விளையும் பெருஞ்செலவைப் பற்றி 2005இல் வெளியிட்ட நூலில், வீதியோர இடங்களுள் நூற்றுக்கு 85 அளவே நிறைந்திருத்தல் நன்று என்றும், எந்நேரமும் ஒன்றிரண்டு இடங்கள் வெறுமையாய் இருத்தல் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். ஆகவே கால எல்லை என்பது தண்டிப்பதற்காகத் தோன்றியதன்று. பங்கிட்டுக் கொடுப்பதற்காகத் தோன்றியது. இவ்வுண்மையை மறவாதிருத்தல் மேல்வரும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாததாகும்.

விதியை இயற்றுதல் எளிது. அதனை நடைமுறையிற் காத்தல் அரிது. ஐக்கிய அமெரிக்காவிலே ஒக்லஹோமா நகரில் 1935ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாவது தரிப்புமானி நாட்டப்பட்டது. அதற்கு வழிகோலியவர் கார்ல் மகீ என்னும் பத்திரிகையாளர். நாணயத்தை இட்டவர்க்கு மானி அளந்து கொடுப்பது காலமாகும். இலண்டன் மாநகர் 1958இல் மானிகளை ஏற்றது; 1960இல் அவற்றைக் கண்காணிக்கும் போக்குவரத்துக் காவலர் அங்குத் தோன்றினர். பாரிஸ் நகரம் வேறொரு வழியை நாடிற்று. அங்கு 1957இல், தாம் வந்த நேரத்தை ஓட்டுநரே வட்டமான அட்டையொன்றிற் குறித்துக் கண்ணாடியின் உட்புறத்தே வைக்கும் முறை புகுத்தப்பட்டது. மானியோ அட்டையோ இல்லாத வீதிகளிற் காவலர் கையாண்ட கருவி, ஆசிரியர் அனைவர்க்கும் பழக்கமான வெண்கட்டியே. காவலர் வீதி வழியே நடந்து சென்று ஒவ்வொரு வண்டியின் ரயரிலும் ஒரு கோடு இடுவார். குறித்த காலம் கழிந்தபின் மீண்டு வருவார். கோடு இட்ட வண்டி இட்டபடியே நிற்கக் கண்டால், அஃது எல்லையைக் கடந்து நின்றது எனக் கொண்டு தண்டச்சீட்டு எழுதுவார்.

வெண்கட்டி முறை மலிவானது, ஆயினும் குறையற்றதன்று. மழை கோட்டை அழிக்கும். ஓட்டுநர் சிலர் தாமே துடைத்துவிடுவர். எதிர்பாராதவாறு சட்டமும் அதன்மேற் பாய்ந்தது. மிச்சிகன் மாநிலத்துச் சகினோ நகரிலே பலமுறை தண்டச்சீட்டுப் பெற்ற ஒருவர், தம் ரயரில் வெண்கட்டியாற் குறியிடுதல் அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்துக்கு மாறான சோதனை என வழக்கிட்டார். ஆறாவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் அக்குறியிடல் சோதனையே என்றும், 2021இல் அதற்குத் தக்க நியாயம் காட்டப்படவில்லை என்றும் தீர்ப்பளித்தது. சான் டியேகோ நகரைப் பற்றிய வேறொரு வழக்கில் ஒன்பதாவது சுற்று நீதிமன்றம் 2022இல் இதற்கு மாறாக, அம்முறை ஏற்கத்தக்கதே என்றது. ஒரே நாட்டில் ஒரே வெண்கட்டிக்கோடு ஓரிடத்திற் குற்றமும் பிறிதோரிடத்திற் குற்றமின்மையும் ஆயிற்று. சகினோத் தீர்ப்பின் அடிப்படை, பிறர் உடைமையைச் செய்தி பெறும் நோக்குடன் தொடுதல் என்பதாகும். கமராவோ எதனையும் தொடுவதில்லை. தொடாமலே அறியும் கருவி நகரசபைகளின் நாட்டத்தை ஈர்த்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இலக்கத் தகட்டை வாசிக்கும் பொறி இன்று நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்தின் பொலிஸ் விஞ்ஞான வளர்ச்சிப் பிரிவினர் 1976இல் இதனை ஆக்கினர். களவுபோன வண்டிகளைக் கண்டுபிடித்தலே அக்காலத்தில் அதன் பயனாகக் கருதப்பட்டது. அது தொழிற்படும் முறையைப் படிப்படியாக நோக்குவோம். முதலிற் கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிர் தகட்டின்மீது பாய்ச்சப்படுகின்றது. தகட்டின் மேற்பூச்சு தன்மீது பட்ட ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் இயல்பினது. ஆதலின் இருளிலும் தகடு தெளிவாகத் தோன்றும். எடுத்த படத்தில் நீள்சதுரமான தகடு எங்குள்ளது எனக் கணினி தேடிக் காண்கின்றது. சாய்ந்து தோன்றும் தகட்டை நிமிர்த்துகின்றது. பின்னர் எழுத்துக்களைத் தனித்தனியே பிரித்து, தான் முன்பு பயின்ற வடிவங்களோடு ஒப்பிட்டு இன்ன எழுத்து, இன்ன எண் என முடிவு செய்கின்றது. இறுதியில் அவ்விலக்கம், நாள், நேரம், இடம் ஆகியவை ஏட்டிற் பதியப்படுகின்றன. இவையாவும் ஒரு விநாடிக்குள் நிகழ்ந்து விடும்.

எழுத்தை வாசித்தல் பொறிக்கு எளிதன்று என்பதை ஈண்டுக் குறித்தல் வேண்டும். ஆங்கில எழுத்துக்களுள் ‘ஓ’ என்பதும் பூச்சியமும் வடிவொத்தவை. ‘பி’ என்பதும் எட்டும், ‘எஸ்’ என்பதும் ஐந்தும் ஒன்றையொன்று ஒத்தவை. பிரித்தானியாவில் 2001 செப்ரெம்பர் முதல் வழங்கும் முறைப்படி, தகட்டில் முதலில் இரண்டு எழுத்தும், அடுத்து இரண்டு எண்ணும், ஈற்றில் மூன்று எழுத்தும் வருதல் வேண்டும். ஒவ்வோர் எழுத்தும் 79 மில்லிமீற்றர் உயரமும், பெரும்பாலும் 50 மில்லிமீற்றர் அகலமும் உடையதாதல் வேண்டும். மூன்றாம் இடத்தில் வட்டவடிவம் தோன்றின் அது பூச்சியம். முதலாம் இடத்தில் தோன்றின் அது ‘ஓ’. இங்ஙனம் இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் நெறி, சொற்றொடரில் வேற்றுமை நோக்கிப் பொருள் கொள்ளும் இலக்கண நெறியை ஒத்தது. சேறு படிந்த தகடும், திருகாணி இட்டு மாற்றப்பட்ட வடிவமும், பணங்கொடுத்து வாங்கிய சிறப்பிலக்கங்களும் இந்நெறியைக் குலைத்துவிடும்.

தரிப்பிடங்களிற் கமராவைப் பயன்படுத்தும் முறை இருவகைப்படும். ஒன்று வாயிற்கமரா. கடைத்தொகுதியின் முன்றிலில் உள்ள தரிப்பிடம் போன்ற, வாயில் உடைய இடங்களில் உட்புகும் வழியிலும் வெளியேறும் வழியிலும் கமராக்கள் நிறுவப்படும். ஒரே இலக்கம் புகுந்த நேரத்தை, வெளியேறிய நேரத்திலிருந்து கழித்தாற் கிடைப்பது தங்கிய காலம் எனக் கொள்ளப்படும். மற்றையது ஊர்திக்கமரா. கமரா பூட்டிய வண்டியொன்று வீதிவழியே சென்று இருமருங்கும் நிற்கும் வண்டிகளின் தகடுகளை வாசித்து, நின்ற இடத்தையும் நேரத்தையும் பதிந்துகொள்ளும். குறித்த காலம் கழித்து மீண்டும் அவ்வழியே வந்து, முன்பு கண்ட இலக்கம் அங்கேயே உள்ளதா என நோக்கும். இது வெண்கட்டி முறையின் புதிய வடிவமேயாம். சில பொறிகள், வண்டி இடையில் நகரவில்லை என்பதைக் காட்டுதற்கு ரயரில் உள்ள வால்வு எத்திசையில் நிற்கின்றது என்பதையும் படம் பிடிக்கின்றன. நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாம் முதலிய நகரங்களில் ஊர்திக்கமராக்கள், கட்டணம் செலுத்தப்பட்டதா, அனுமதி உண்டா என்பவற்றை இலக்கத்தைக் கொண்டே ஏட்டில் ஒப்பு நோக்குகின்றன.

இனி, இக்கமரா கூறுவது எத்தகைய சான்று என்பதை ஆராய்வோம். அறிவு பெறும் வாயில்களைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக நம் அளவை நூலார் வகுப்பர். கண்முன் உள்ளதைக் காண்பது காட்சி. மலையிற் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டு எனத் துணிவது கருதல். நம்பத்தக்கார் சொல்ல அறிவது உரை. கமரா இரண்டு கணங்களை மாத்திரமே காண்கின்றது, அவை காட்சி. அவ்விரண்டு கணங்களுக்கும் இடைப்பட்ட காலம் முழுவதும் வண்டி அங்கேயே நின்றது என்பதோ காட்சியன்று, கருதலேயாம். புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்னும் தொடர்பு உறுதியானது. ஆதலின் அக்கருதல் பிழைபடாது. வந்ததைக் கண்டேன், பின்னர்ப் போவதைக் கண்டேன், ஆகவே இடையில் எங்கும் போகவில்லை என்பது அத்துணை உறுதியான தொடர்பன்று. மூடுபனியைப் புகையெனக் கொண்டு நெருப்பைத் துணிதல் போல்வது அது.

இப்பிழை எவ்வாறு நேருகின்றது என்பதற்கு நன்கு அறியப்பட்ட சான்றொன்று உண்டு. ஒருவர் காலை 9 மணிக்குக் கடைக்கு வந்து அரை மணித்தியாலத்திற் சென்றுவிடுகின்றார். மறந்த பொருளை வாங்குதற்கு மாலை 4 மணிக்கு மீண்டும் வந்து 4.20க்குச் செல்கின்றார். காலையில் அவர் வெளியேறியபோது முன்னே நின்ற பார வண்டி தகட்டை மறைத்தது. மாலையில் உட்புகுந்தபோது வெயில் கமராவின் கண்ணைக் கூசச் செய்தது. ஏட்டில் எஞ்சியவை காலை 9 மணி வரவும் மாலை 4.20 செலவும் மாத்திரமே. அரிய வாடிக்கையாளர் இருமுறை வந்து சென்றமை, ஏழு மணித்தியாலத்துக்கு மேல் நின்ற பெருங்குற்றமாகப் பதிவாகிவிடுகின்றது. இதனை அரிதில் நிகழ்வது எனத் தள்ளிவிடலாகாது. கமரா 100 தகடுகளில் 98ஐச் செவ்வனே வாசிக்கும் எனக் கொள்வோம். ஒரு தங்கலைக் கணிப்பதற்கு வரவும் செலவும் ஆகிய இரண்டும் சரியாதல் வேண்டும். 98இன் 98 வீதம் ஏறத்தாழ 96. எனவே 1,000 வண்டிகள் வந்து போகும் நாளில் ஏறக்குறைய 40 தங்கல்கள் குறைப் பதிவாக நிற்கும். அவற்றுட் பெரும்பாலன இணைய வேறு பதிவின்றி வாளா கிடக்கும்; சில மேற்கூறியவாறு தவறாக இணைந்து குற்றமற்றவரைச் சாடும். நூற்றுக்கு இரண்டு என்னும் பிழை வகுப்புப் பரீட்சையிற் பெருமைக்குரியது. நீதி வழங்குமிடத்து அவ்வாறன்று.

வாசிப்பிற் பிழையே இல்லையெனினும் மற்றொரு வேறுபாடு எஞ்சி நிற்கின்றது. வாயிற்கமரா அளப்பது உள்ளே இருந்த காலத்தை. விதி குறிப்பதோ தரித்த காலத்தை. இடம் தேடிச் சுற்றிய நேரமும், அறிவித்தற் பலகையைப் படித்த நேரமும், விழாக்காலத்தில் வெளியேற வரிசையிற் காத்து நின்ற நேரமும் கமராவுக்குத் தரிப்பே. கமரா இலக்கத்தைக் காணும், ஆளைக் காணாது. அங்கவீனர்க்கு அரசு வழங்கும் நீல அட்டை கண்ணாடியின் உட்புறத்தே இருப்பதை வாயிற்கமரா அறியாது. வண்டி பழுதுற்று நின்றதையும், கடையினுள் ஒருவர் மயங்கி வீழ்ந்ததையும் அறியாது. நடந்து திரிந்த காவலர் இவற்றைக் கண்டார். சில வேளைகளிற் கண்டும் காணாதவர் போற் சென்றார். அந்த நெகிழ்ச்சியில் வேண்டியவர்க்குச் சலுகை என்னும் குற்றமும் இருந்தது. இரக்கம் என்னும் குணமும் இருந்தது. பொறி இரண்டையும் ஒருங்கே நீக்கிவிட்டது.

இக்காரணங்களால் இங்கிலாந்துச் சட்டம் கமராவை ஒரே படித்தாக ஏற்கவில்லை. அங்கே 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து முகாமைச் சட்டப்படி, தரிப்பு விதிகளைக் காக்கும் பணி பெரும்பாலும் பொலிஸாரிடமன்றி உள்ளூர் மன்றங்களிடம் உள்ளது. கமராவால் மன்றங்கள் பணம் திரட்டுகின்றன என்னும் முறைப்பாடு எழவே, 2015இல் பாராளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. அதன் பயனாக, வீதியோரத் தரிப்புக்குக் கமராச் சான்று ஒன்றையே கொண்டு தபால்மூலம் தண்ட அறிவித்தல் அனுப்புதல் தடுக்கப்பட்டது. பாடசாலை வாயில், பேருந்துத் தரிப்பிடம், பேருந்துக்குரிய பாதை முதலிய சில இடங்களுக்கு மாத்திரம் விலக்கு அளிக்கப்பட்டது. ஏனைய இடங்களில் அலுவலர் நேரிற் சென்று அறிவித்தலை வண்டியில் ஒட்டுதலோ ஓட்டுநரிடம் கொடுத்தலோ வேண்டும். அனுமதித்த காலம் முடிந்த பின்னரும் 10 நிமிட அவகாசம் கொடுத்தல் வேண்டும் என்பதும் அவ்வாண்டிலேயே விதியாயிற்று.

தனியார் நிலத்திலோ நிலைமை வேறு. 2012ஆம் ஆண்டின் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம், தனியார் நிலத்தில் வண்டிகளின் சில்லுக்குப் பூட்டு இடுதலைத் தடைசெய்தது. அதற்கு ஈடாக, ஓட்டுநர் இன்னார் எனத் தெரியாவிடினும் வண்டியின் பதிவாளரிடம் பணம் கோரும் உரிமையை வழங்கியது. கமராவை மாத்திரம் நம்புவோர், அறிவித்தலை 14 நாட்களுக்குள் பதிவாளரிடம் சேர்ப்பித்தல் அவ்வுரிமைக்கு ஒரு நிபந்தனையாகும். இத்துறையிற் பெரும்புகழ் பெற்ற வழக்கு செம்ஸ்போர்ட் நகரத்துக் கடைத்தொகுதி ஒன்றைப் பற்றியது. அங்கு 2 மணித்தியாலம் இலவசமாகத் தரிக்கக் கூடியதாயிருந்தது. கடந்தால் 85 பவுண் கட்டவேண்டியிருந்தது. 2013இல் ஒருவர் 56 நிமிடம் மிகையாக நின்றார். நிலத்துக்கு யாதொரு நட்டமும் நேரவில்லை, ஆதலால் இத்தொகை சட்டம் ஏற்காத தண்டம் என அவர் வாதிட்டார். 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஒருவர் மாறுபட அறுவர் உடன்பட்டு, அவர் வாதத்தைத் தள்ளியது. வாடிக்கையாளர் பலரும் மாறி மாறி இடம் பெறுதல் நிலவுடைமையாளரின் நியாயமான நலன் என்றும், அதனைக் காத்தற்கு அத்தொகை மிகையன்று என்றும் நீதியரசர்கள் கண்டனர். நாம் முன்னர்க் கூறிய பங்கீட்டு நோக்கம் இங்கே சட்டத்தின் ஒப்புதலைப் பெற்றது.

ஆயினும் அவ்வழக்கில் வெளிப்பட்ட மற்றொரு செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. தரிப்பிடத்தை நடத்திய நிறுவனம் நிலவுடைமையாளரிடமிருந்து கூலி பெறவில்லை. மாறாக, வாரந்தோறும் 1,000 பவுண் தானே அவருக்குக் கொடுத்து வந்தது. எல்லாரும் விதியைக் கைக்கொண்டு இரண்டு மணித்தியாலத்துள் வெளியேறினால் அந்நிறுவனத்துக்கு அங்கு வருவாயே இல்லை. விதியைக் காப்பவரின் ஊதியம் விதியை மீறுவோரின் தொகையைப் பற்றி நிற்கின்றது. இது சட்டத்துக்கு முரணன்று என நீதிமன்றம் கண்டது உண்மையே. எனினும் ஐயத்துக்கு இடமான பதிவுகளை மீளச் சோதிக்கும் ஊக்கம் அத்தகைய ஏற்பாட்டில் எங்கிருந்து பிறக்கும் என்னும் வினா எழாமற் போகாது.

இறுதியாக நோக்கவேண்டியது கமராவின் நினைவாற்றல். வெண்கட்டிக் கோடு அடுத்த மழையில் அழிந்துபோம். கமரா எழுதியது, அழிக்க வேண்டும் என யாரேனும் துணியும் வரை அழியாது. விதியை மீறிய பத்து வண்டிகளைக் காண்பதற்கு அது மீறாத ஆயிரம் வண்டிகளின் இலக்கத்தையும் எழுதி வைக்கின்றது. எவர் எந்நாளில் வைத்தியரிடம் வந்தார், எவர் எந்தக் கோயிலுக்கு வந்தார் என்பனவும் அவ்வேட்டிலிருந்து ஊகிக்கத்தக்கன. இங்கிலாந்தின் ரோய்ஸ்டன் என்னும் சிறு நகரில், கமராக்களின் கண்ணிற் படாது எவரும் வண்டியோட்டி உட்புகவோ வெளியேறவோ இயலாதவாறு பொலிஸார் அவற்றை நிறுவியிருந்தனர். அஃது அளவுக்கு மிஞ்சியது, சட்டத்துக்கு ஒவ்வாதது எனத் தகவல் ஆணையாளர் 2013இல் முடிவு செய்தார். நெதர்லாந்தில் வரித் திணைக்களம், பொலிஸாரின் வீதிக்கமராக்கள் எடுத்த படங்களைக் கொண்டு, நிறுவன வண்டிகளைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியோரைக் கண்டுபிடிக்க முயன்றது. அதற்குப் போதிய சட்ட ஆதாரம் இல்லை என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017இல் தடுத்தது. இவ்விரண்டும் தரிப்பிடக் கமராக்கள் அல்லவெனினும் அவை புகட்டும் பாடம் பொதுவானது. ஒரு காரியத்துக்காகத் திரட்டிய ஏடு பிறிதொரு காரியத்துக்கு வசதியாகத் தோன்றும். தோன்றிய வசதி நாளடைவில் உரிமையெனக் கோரப்படும்.

இவற்றால் நாம் கமராவை வெறுத்தல் வேண்டும் என்பதில்லை. அது சோர்வடையாது, கைக்கூலி பெறாது, பெரியவர் வண்டி, சிறியவர் வண்டி என வேறுபாடு காணாது. பலர்க்கும் உரிய இடத்தைச் சிலர் கவர்ந்துகொள்ளும் ஊரில் இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆயினும் காட்சியும் கருதலும் தாமே நீதி ஆகமாட்டா. மூன்றாவதாகிய உரைக்கும் இடம் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தம் நிலையைக் கூறவும், நடத்தும் நிறுவனத்தின் வருவாயோடு தொடர்பற்ற ஒருவர் அதனைக் கேட்டு முடிவு செய்யவும் வழி இருத்தல் வேண்டும். வரவுக்கும் செலவுக்கும் இடையே வேறு பதிவுகள் மறைந்துள்ளனவா என ஒரு மனிதர் நோக்காமல் எந்த அறிவித்தலும் தபாலிற் செல்லலாகாது. எல்லைக்குள் வந்து சென்ற வண்டிகளின் இலக்கங்கள் அன்றே அழிக்கப்படுதல் வேண்டும். இம்மூன்றும் அமைந்தவிடத்துக் கமரா பங்கீட்டுக்குத் துணைசெய்யும் நல்ல ஏவலாளாக இருக்கும். இவை அமையாதவிடத்து, கடைக்கு வந்த முதியவரும் தாயும் தாம் எந்தக் குறையும் செய்யாதிருந்தும், ஒரு நாள் வீட்டு வாயிலில் வந்து விழும் கடிதத்துக்கு விடை தேடி அலைய நேரும். அவர்களுக்காகவே அந்த இரண்டு மணித்தியால விதி முதலில் வகுக்கப்பட்டது.